வலப்பக்க நாற்காலி

"அப்போ பக்கத்துல யாருமே இருக்க மாட்டாவளா அத்தான்?"

"இல்ல."

"ஒத்தைக்கா?"

"ஒத்தைக்குத்தான்."

என் மனைவியின் தம்பி மீன் பையைச் சமையலறை வாசலில் வைத்துவிட்டு யோசித்தான். பூவாரில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவன். எதையும் உடனே நம்பிவிடுவது அவன் தொழிலுக்கு ஆகாது. "பாறசாலைல செங்கல்லு ஏத்துற டெம்போவுக்கே ஒரு கிளீனர் உண்டு. பின்னால நின்னு வா வா, போதும் போதும்னு சொல்லதுக்கு ஒரு ஆளு. ஆகாசத்துல ஒம்பது பேர ஏத்திட்டுப் போறதுக்கு அதுகூட கெடையாதா? என்ன கம்பெனி அத்தான் இது?"

நான் சிரித்து வைத்தேன். அவன் வாய்விட்டுக் கேட்டதைத்தான் இரண்டு நாளாக நானும் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

கம்பெனி ஆப்பிரிக்காவில் இருந்தது. ஒற்றை எஞ்சின் விமானங்கள் சில வைத்துக்கொண்டு, சாலை போகாத ஊர்களுக்கு ஆட்களையும் மருந்துப் பெட்டிகளையும் கொண்டுபோய் இறக்குகிற சிறிய கம்பெனி. ஒரு விமானத்துக்கு ஒரு விமானிதான். விண்ணப்பித்திருந்தேன், என்னை எடுத்துக்கொள்வதாகக் கடிதம் வந்தது. ஆனால் கடிதத்தின் இரண்டாம் பத்தியில் ஒரு கொக்கி. மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலையில், அவர்களுடைய பயிற்சி கேப்டன் வீடியோவில் என்னைச் சோதிப்பார். ஆபத்து நேரத்தில் செய்யவேண்டிய காரியங்களைத் தாளைப் பார்க்காமல், வரிசை மாறாமல், கையால் செய்தும் காட்டவேண்டும். தேறினால் விமானச் சீட்டும் ஒரு மாதப் பயிற்சியும். தவறினால் என் இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். அந்தப் பயிற்சியைப் பற்றி என் பழைய மாணவன் ஒருவன் சொன்னது இது: போனவர்களில் சிலர் பெட்டியைப் பிரிக்காமலேயே திரும்பியிருக்கிறார்களாம்.

எனக்கு நாற்பத்தேழு வயது. வேறொரு மாநிலத்தில் ஒரு பறக்கும் கழகத்தில் பன்னிரண்டு வருடம் பயிற்றுநராக இருந்தேன். மூன்று வருடம் முன்பு கழகத்தை மூடிவிட்டார்கள். அதன்பின் வீட்டில்தான். அம்பூரியில் அப்பாவின் ரப்பர்த் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்பவர்களிடம் சொல்லிக்கொள்வேன். உண்மையில் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் ரப்பர் வெட்டுகிறவர். நான் மரத்தடியில் உட்கார்ந்து புத்தகம் படித்தேன். உலகத்தில் விமானிகள் எழுதிய புத்தகங்களில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். எல்லாரும் பாலைவனத்தில் விழுந்து, யோசித்து, மேன்மை அடைகிறார்கள். விழாமல் இருப்பதற்கு வரிசையாக என்ன செய்யவேண்டும் என்று ஒருவரும் எழுதவில்லை.

வீடு ஓடியது மனைவியால். நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவள் நர்ஸ். நாற்பத்தேழு வயது விமானியைத் தேடி யாரும் கடிதம் போடுவதில்லை. மூன்று வருடத்தில் இதுதான் முதல் கடிதம். அடுத்தது வரும்போது எனக்குக் கண் பரிசோதனையில் தேறுகிற பார்வை மிச்சம் இருக்காது. இது அவளுக்கும் தெரியும். 

இன்னொன்றும் இருந்தது. பயிற்றுநர் உட்காருவது வலப்பக்கம், மாணவன் இடப்பக்கம். ஆகவே பன்னிரண்டு வருடமாக நான் பறந்த ஒவ்வொரு மணி நேரமும் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தான். பெரும்பாலும் வியர்த்துக்கொண்டிருப்பான், ஆனாலும் ஆள். ஒருவன் ஓட்டினால் மற்றவன் ரேடியோவில் பேசலாம். ஒருவன் மறந்தால் மற்றவன் கத்தலாம். இனி நான் இடப்பக்கம் உட்காரவேண்டும். இடக்கை செய்துவந்த வேலையை வலக்கைக்குக் கற்றுக்கொடுக்கவேண்டும். வலப்பக்கம் யாரும் இருக்கமாட்டார்கள்.

முதல் வேலையாக விமானத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கம்பெனி அனுப்பிய கோப்பில் விமானி முன்னால் இருக்கும் கருவிப் பலகையின் படம் இருந்தது. அதை நிஜ அளவில் அச்சடித்துச் சுவரில் மாட்டிக்கொண்டு, முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையை அங்குமிங்கும் நீட்டிப் பழகவேண்டும். உலகம் முழுக்க விமானிகள் இப்படித்தான் தயாராகிறார்கள். பெரும்பாலும் கதவைச் சாத்திக்கொண்டு.

பாறசாலை சந்திப்பில் பிளெக்ஸ் அடிக்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் படத்தைத் திரையில் பெரிதாக்கி, குறுக்கிப் பார்த்தார்.

"அண்ணா, இதுல ஆளோட போட்டோ எங்க வைக்கணும்?"

"ஆளு வேண்டாம். இது மட்டும் போதும்."

"பேரு?"

"பேரும் வேண்டாம்."

அவர் நாற்காலியைத் திருப்பி என்னை முழுதாகப் பார்த்தார். அந்தக் கடையில் இரண்டே காரியத்துக்குத்தான் பிளெக்ஸ் அடிப்பார்கள். யாராவது தேறியிருக்கவேண்டும், அல்லது யாராவது செத்திருக்கவேண்டும். "அப்போ இது அனுமோதனத்துக்கா, ஆதராஞ்சலிக்கா?"

"இன்னும் தெரியாது," என்றேன். "மூணு வாரம் ஆகும்."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. கறுப்புக் கரை போடவா என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றேன்.

முன்னறைச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். கீழே ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, மூன்று துளை போட்டு, மூன்று சிரட்டை அகப்பைகளைச் செருகினேன். முதல் அகப்பை எஞ்சினின் வேகம். நடு அகப்பை முன்னால் சுழலும் காற்றாடியின் கோணம். மூன்றாவது எரிபொருள். அதன் முன்னால் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று எனக்கு. வலப்பக்கம் இன்னொரு சிவப்பு நாற்காலி, விமானத்தில் இருக்கும் என்பதால். மறுநாள் காலை உட்கார்ந்தபோது எஞ்சினின் வேகம் இருந்த இடத்தில் துளைதான் இருந்தது. அகப்பை சாம்பாரில் இருந்தது.

மனப்பாடத்தில் எனக்குப் பயம் இல்லை. எங்கள் சபையில் வளர்ந்தவனுக்கு அந்தப் பயம் வராது. ஓய்வுநாள் பள்ளியில் வருடாவருடம் பைபிள் வசனங்களை மனப்பாடமாக ஒப்பிக்கும் போட்டி உண்டு. அதற்கென்று ஒரு முறையும் உண்டு. மேடையில் ஏறிக் கையைக் கட்டவேண்டும், கண்ணை மூடவேண்டும், முதலில் அதிகாரமும் எண்ணும், பிறகு வசனம், முடிவில் மறுபடி அதிகாரமும் எண்ணும். எல்லாம் ஒரே ராகம். இடையில் திக்கினால் நடுவர், "முதல்லேருந்து," என்பார். ஆறு வருடம் தொடர்ந்து முதல் பரிசு எனக்குத்தான். பரிசு எப்போதும் சோப்புப் பெட்டி. எங்கள் வீட்டில் சோப்பைவிடச் சோப்புப் பெட்டிகள் அதிகம்.

ஆகவே நான்கு நாளில் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டேன். முக்கியமானது, பறக்கும்போது எஞ்சினில் தீப்பிடித்தால் செய்யவேண்டிய ஏழு காரியங்கள். வேகத்தைக் குறை. காற்றை எதிர்க்காதபடி காற்றாடியை ஒதுக்கு. எரிபொருள் லீவரை மூடு. எரிபொருள் குழாயின் அடைப்பை இழு. இப்படிப் போகும். ஏழையும் ஒரே மூச்சில் சொல்ல வந்துவிட்டது.

ஐந்தாம் நாள் காலை, மனைவி இரவு டியூட்டி முடித்து வந்தாள். நான் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அவள் கதவருகே செருப்பைக் கழற்றாமல் நின்று முழுவதையும் கேட்டிருக்கிறாள். நான் முடித்ததும் சொன்னாள்:

"ஆமென் சொல்லல்லியே."

கண்ணைத் திறந்தேன். அப்போதுதான் தெரிந்தது, நான் கண்ணை மூடியிருந்தேன் என்பது. கையும் கட்டியிருந்தது. தலைப்பை முதலில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் சொல்லியிருந்தேன். சொற்கள் ஆங்கிலம், ராகம் எங்கள் சபையுடையது.

"படிக்கேன்," என்றேன்.

"பிளேன்ல தீ பிடிச்சா கண்ண மூடிட்டாக்கும் இருப்பிய?"

"அங்க திறந்திருப்பேன்."

"செரி. தொறந்துட்டு நாலாவது மட்டும் சொல்லுங்க."

திறந்துகொண்டு நாலாவதைத் தேடினேன். இல்லை. முதலாவது இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதுக்கு வந்து, மூன்றாவதைத் தாண்டி, நாலாவதுக்கு இறங்கினேன்.

"நான் நாலாவதத்தான் கேட்டேன்."

"வந்துட்டுல்லா."

"நீங்க வரதுக்குள்ள எல்லாரும் வெந்துருவாவ." அவள் வலப்பக்க நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். "எங்க வார்டுல ஒருத்தருக்கு நெஞ்சு நின்னுட்டுன்னு வைங்க. பாதில ஒரு டாக்டர் ஓடி வந்து எது வர செய்தாச்சுன்னு கேப்பாரு. முதல்லேருந்து பாடிக் காட்ட ஒக்குமா? அஞ்சாவதுலன்னு சொல்லிட்டு ஆறாவதச் செய்யணும். கண்ண மூடிட்டு இல்ல."

 பன்னிரண்டு வருடம் பிறருக்குப் பாடம் எடுத்தவன், தீப்பிடிக்கும் எஞ்சினை வசனமாக்கி வைத்திருக்கிறேன். நடுவில் யாராவது ஒரு வார்த்தை பேசிவிட்டால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஆகாயத்தில் முதலிலிருந்து என்று சொல்ல நடுவர் இல்லை. முதலாவதை இரண்டாம் முறை செய்ய நேரமும் இல்லை.  பதினாறு நாள் மிச்சம் இருந்தது.

அன்றிலிருந்து அவள்தான் பரீட்சை வைத்தாள். தாளை மடியில் வைத்துக்கொண்டு வலப்பக்க நாற்காலியில் உட்காருவாள். பயறு ஆய்ந்துகொண்டே, "தீ, அஞ்சு," என்பாள். நான் அகப்பையைப் பிடித்து ஐந்தாவதைச் செய்யவேண்டும். துணி மடித்துக்கொண்டே, "தீ, ரெண்டு," என்பாள். குளியலறையில் இருக்கும்போதும் கதவுக்கு வெளியிலிருந்து, "ஆறு," என்று ஒரு குரல் வரும். ராகம் உடைய ஒரு வாரம் ஆனது. ஒவ்வொரு காரியமும் தனித்தனியாக நிற்கத் தொடங்கியது.

கண்ணையும் திறந்துவைத்துக்கொள்ளப் பழகினேன். ஆனால் திறந்த கண் எங்கேயாவது போகவேண்டும் அல்லவா. அது அவள் முகத்துக்குப் போனது. நான் சரியாகச் செய்தால் அவள் முகத்தில் ஒன்றும் நடக்காது. தவறினால் இடப் புருவம் மெல்ல மேலே ஏறும். ஒவ்வொரு அகப்பையைத் தொட்டபின்னும் ஒரு கணம் அந்தப் புருவத்தைப் பார்ப்பேன். அசையவில்லையென்றால் அடுத்தது. அவள் அதைக் கவனித்தாள்.

"கல்யாணமாகி இருவது வருஷம். இப்பத்தான் என் மூஞ்சிய இவ்வளவு நேரம் பாத்திய."

"பரீட்சைக்காக."

"அதாக்கும் நானும் சொல்லுதேன்."

கழகத்தில் என் மாணவர்களும் இப்படித்தான். எதைத் தொட்டாலும் ஒரு பார்வை வலப்பக்கம், என் முகத்துக்கு. கேட்காமலே, சரியா சார் என்று கேட்கிற பார்வை. அதற்காக எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். அது இப்போது நினைவுக்கு வந்திருக்கவேண்டும். வரவில்லை. முன்னேறுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டு நாள் மிச்சம் இருக்கையில் மைத்துனன் மறுபடி வந்தான். அவனைக் கட்டுப்பாட்டுக் கோபுரமாக நியமித்தோம். நான் தீயை அணைத்துக்கொண்டிருக்கும்போது அவன் கேள்வி கேட்கவேண்டும்.

"எத்தன பேரு உண்டு?"

"ஒம்பது பேரு சார்." கை இரண்டாவது அகப்பையில் நின்றது.

"எத்தன அடி ஒயரத்துல இருக்கிய?"

சொன்னேன்.

"தீ பெருசா, செறுசா?"

யோசித்தேன். யோசித்து முடித்தபோது கை எங்கே இருந்தது என்று தெரியவில்லை. மூன்றாவதைச் செய்துவிட்டேனா? மனைவியைப் பார்த்தேன். புருவம் உச்சியில் இருந்தது.

"அத்தான், கேக்கதுக்கெல்லாம் பதிலு சொல்லுதிய," என்றான் அவன். "பொழிமுகத்துல, ஆறு கடல்ல சேருத எடத்துல, படகத் திருப்பும்போ அல வந்து தட்டும். அந்த நேரம் பாத்து ஒருத்தன் கேப்பான், இங்க முதலை உண்டான்னு. நான் சொல்லுவனா? ஒரு கையக் காட்டுவேன், இருன்னு. திருப்பிட்டுத்தான் முதலை."

"அவன் கோவிச்சுக்க மாட்டானா?"

"கோவிச்சா நீந்திப் போவட்டும்."

எனக்கு அது வரவில்லை. ரேடியோவில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது. ஸ்டேண்ட்பை. இரு, வருகிறேன் என்று அர்த்தம். பன்னிரண்டு வருடம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் நானே சொல்ல நேர்ந்ததில்லை. பக்கத்தில்தான் ஆள் இருந்தானே. அதோடு, மேலே இருப்பவர் ஒன்று கேட்டால் எழுந்து நின்று உடனே பதில் சொல்லாதவனை எங்கள் ஊரில் மரியாதை கெட்டவன் என்பார்கள். எரிகிற விமானத்துக்குள்ளும் நான் எழுந்து நிற்கிறவன்.

"அந்த வார்த்தைய வீட்டுல சொல்லிப் பழகுங்க," என்றாள் மனைவி. இது அவளுடைய யோசனை என்பதைப் பதிவு செய்கிறேன்.

மறுநாள் சமையலறையிலிருந்து குரல் வந்தது. "மீனுக்கு மாங்கா போடட்டா, புளி ஊத்தட்டா?"

நான் நாலாவதில் இருந்தேன். "ஸ்டேண்ட்பை."

கத்திச் சத்தம் நின்றது. வீடு முழுக்க நின்றது.

"என்ன சொன்னிய?"

ஐந்து, ஆறு, ஏழு முடித்தேன்.  "மாங்கா," என்றேன். கத்திச் சத்தம் மறுபடி தொடங்க நெடுநேரமானது. அந்த மாங்காயின் புளிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பரீட்சை வாரத்தின் திங்கட்கிழமை அவள் டியூட்டி அட்டவணையோடு வந்தாள். வியாழன் காலை அவளுக்கு டியூட்டி. கூட வேலை செய்கிற ஒருத்தி பிரசவ விடுப்பில் போய்விட்டாள், மாற்றிக்கொள்ள ஆளில்லை.

"கேட்டுப் பாத்தேன். ஒக்காதுன்னுட்டாவ."

"அதுக்கென்ன," என்றேன். "பரீட்சை எனக்குத்தான்."

"வெப்ராளப்படாம இருப்பியளா?"

"எனக்கென்ன பதற்றம்."

அவள் புருவம் ஏறியது.

வியாழன் காலை ஆறரைக்கு அவள் பஸ்ஸுக்குப் போனாள். வாசலில் திரும்பி, "தீ, மூணு," என்றாள். சொன்னேன். போய்விட்டாள். சட்டையை இஸ்திரி போட்டு அணிந்தேன், கீழே கைலிதான். தாள்களையெல்லாம் உள்ளறையில் வைத்துப் பூட்டினேன், காப்பியடிப்பதாகத் தோன்றக்கூடாது என்று. ஸ்டூலில் லேப்டாப். சுவரில் பிளெக்ஸ். பெட்டியில் மூன்று அகப்பைகள். எல்லாவற்றையும் யோசித்தவன் வலப்பக்க நாற்காலியை யோசிக்கவில்லை. அது எப்போதும்போல் அங்கே இருந்தது.

சொன்ன நேரத்துக்குத் திரை விழித்தது. நரைத்த தாடி, வெயிலில் காய்ந்த முகம், பின்னால் ஒரு தகர ஜன்னல். வணக்கம் சொன்னேன். அவர் நேரே எஞ்சின் தொடங்கும் முறைக்குப் போனார். அவர் பேசிய ஆங்கிலம் சுருக்கமானது. சொன்னேன். உயரத்தில் மூச்சுக்காற்று குறைந்தால்? சொன்னேன். மின்சாரம் போனால், மூன்றாவது காரியம் மட்டும்? சொன்னேன். மனைவியின் பயறு வேலை செய்தது. 

"எஞ்சினில் தீ," என்றார். "கையால் செய்."

வேகத்தைக் குறைத்தேன். காற்றாடியை ஒதுக்கினேன். மூன்றாவது அகப்பையில் கை வைக்கும்போது அவர் குரல் மாறியது. "கோபுரம் பேசுகிறேன். விமானத்தில் எத்தனை பேர்?"

தொண்டை வரை ஒன்பது வந்தது. விழுங்கினேன். "ஸ்டேண்ட்பை," என்றேன், மன்னிப்புக் கேட்கிற குரலில். எரிபொருளை மூடினேன். அடைப்பை இழுத்தேன். ஐந்து. ஆறு. ஏழு. நின்றேன். மூச்சு விட்டேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அறையில் உன்னோடு யார் இருக்கிறார்கள்?"

"யாரும் இல்லை."

"ஒவ்வொரு காரியம் முடிந்ததும் வலப்பக்கம் பார்க்கிறாய். ஏழு முறை. எண்ணினேன். அங்கே யார்?"

எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது.  ஒரு பொய்யை விளக்கிவிடலாம். இதை எப்படி விளக்குவது?

"கேமராவைத் திருப்பு," என்றார்.

லேப்டாப்பை இரண்டு கையாலும் தூக்கினேன். அறை ஆடியது. சபை காலண்டர் போனது, ஜன்னல் போனது, கொடியில் காய்ந்த என் பனியன் போனது. பிறகு சிவப்பு நாற்காலி. காலி.

"கீழே காட்டு." காட்டினேன். நான்கு கால், தரை. "கதவுக்குப் பின்னால்." காட்டினேன். கதவுக்குப் பின்னால் குடை இருந்தது.

"யாருடைய நாற்காலி?"

"என் மனைவியுடையது. இரண்டு வாரமாக அங்கே உட்கார்ந்து சரியா தவறா என்று பார்த்தாள். இன்று டியூட்டிக்குப் போயிருக்கிறாள்."

"ஆக, நீ பார்த்தது அவளை."

"ஆமாம்."

"அவள் அங்கே இல்லை."

"இல்லை."

அவர் முகம் உறைந்தது. வாய் பாதி திறந்திருந்தது, ஒரு கண் பாதி மூடியிருந்தது. அது தீர்ப்பா, நெட்வொர்க்கா என்று தெரியவில்லை. தெருவில் மீன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு போனார். லேப்டாப்பைத் தூக்கிய கை வலித்தது, இறக்கவும் பயம். மூன்று வருடமாகக் காத்திருந்த கடிதம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியால் அடுத்தவருக்குப் போகப்போகிறது. அதை வீட்டில் எப்படிச் சொல்வது? உன்னைப் பார்த்ததால் தோற்றேன் என்றா?

படம் அசைந்தது. அவர் பேசிக்கொண்டிருந்தார், நடுவிலிருந்துதான் எனக்குக் கிடைத்தது. "...அந்த இருக்கையில் மருந்துப் பெட்டி இருக்கும். இல்லையென்றால் ஒரு பயணி. அவனுக்கு உன்னைவிட அதிகம் பயமாக இருக்கும். அவன் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். நீ அவனைத் திரும்பிப் பார்த்தால் அவனுக்கு எப்படி இருக்கும்?"

கண்ணை அந்த நாற்காலியிலிருந்து எடுத்தேன்.

"மறுபடி. எஞ்சினில் தீ. முதல் இரண்டும் ஆகிவிட்டது. மூன்றிலிருந்து."

லேப்டாப்பை வைத்தேன். உட்கார்ந்தேன். மூன்றாவது அகப்பையைப் பிடித்தேன். மூடினேன். கழுத்து தானாக வலப்பக்கம் கிளம்பியது. அதைப் பிடித்து நிறுத்துவது அகப்பையைப் பிடிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. கண்ணைப் பிளெக்ஸில், எண்ணெய் அழுத்தம் காட்டும் வட்டத்தில் நட்டேன்.

"எத்தனை பேர்?"

"ஸ்டேண்ட்பை."

நாலு. சரியா? தெரியவில்லை. சொல்ல யாரும் இல்லை. நான்தான் சொல்லவேண்டும். சரி.

"உயரம் என்ன?"

"ஸ்டேண்ட்பை."

ஐந்து. சரி. ஆறு.

"கேட்டதற்குப் பதில் சொல்."

குரலில் கோபம் இருந்தது. எழுந்து நிற்கச் சொன்னது முழங்கால். உட்கார்ந்திருந்தேன்.

"ஸ்டேண்ட்பை."

ஏழு. இறங்க ஓர் இடத்தைத் தேர்ந்தெடு. பிளெக்ஸுக்கு மேலே, விமானத்தின் முன்கண்ணாடி வரவேண்டிய இடத்தில் எங்கள் வீட்டுச் சுவரின் பச்சை நிறம்தான் இருந்தது. அதில் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். "கோபுரம், ஒன்பது பேர். எஞ்சினை அணைத்துவிட்டேன். இறங்குகிறேன்," என்றேன்.

அவர் ஏதோ எழுதினார். நீளமாக எழுதினார். பிறகு நிமிராமலே சொன்னார். "அந்த நாற்காலியை அறையிலிருந்து வெளியே போடு. கிளம்பும்வரை அப்படிப் பழகு. சீட்டு அனுப்புவார்கள். முதல் வாரம் தாண்டுகிறாயா என்பதை இங்கே பார்ப்போம்."

திரை அணைந்தது. நன்றி சொன்னேன், அணைந்த திரையிடம். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்தில், பலாமரத்தடியில் வைத்தேன்.

மூன்று மணிக்கு அவள் வந்தாள். கேட்டைத் திறந்தவள் நாற்காலியைப் பார்த்து நின்றாள். நான் வாசலில் இருந்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றாமல் கேட்டாள்.

"தோத்துட்டியளா?"

"இல்ல. சீட்டு வரும்."

"பின்ன எதுக்கு கசேர வெளிய கெடக்கு?"

சொன்னேன். ஏழு முறை பார்த்ததை, கேமராவைத் திருப்பியதை, கதவுக்குப் பின்னால் இருந்த குடையை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். குடையை எடுக்க மறந்ததை அப்போதுதான் கவனித்தாள் போலிருந்தது.

"அப்போ இனி என் மூஞ்சியப் பாக்கண்டாம்," என்றாள்.

"வேண்டாமாம்."

"கொள்ளாம், நல்லதுதான்."

 பக்கத்து வீட்டில் யாரோ தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் போட்டார்கள். அவள் பையிலிருந்து சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்து, மூடியைத் திறந்து பார்த்து, மூடினாள்.

"தீ," என்றாள் சட்டென்று. "நாலு."

நான் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். குளத்தூர் பஸ் திரும்புகிற வளைவில் கண்ணை நட்டுக்கொண்டு, முழுதாக, கையை நீட்டி இழுத்தும் காட்டினேன்.  அவள் எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, என்னைத் தாண்டி உள்ளே போனாள்.

புருவம் ஏறியிருந்ததா என்று நான் பார்க்கவில்லை.